உலர்த்தி ஓடும் நேரம்

செவ்வாய்க்கிழமை என் துவைக்கும் நாள்.
பூர்க்டோர்ஃபில், எங்கள் கட்டடத்தின் எட்டு வீடுகளுக்கும்
நிலவறையில் ஒரே ஒரு சலவை அறை.
இரவு எட்டுவரை அதன் சாவி என்னிடம்.
வேலை முடிந்து ஐந்துக்கு இறங்குகிறேன்,
ஒரு கையில் கூடை, மறு கையில் கிளாரினெட் பெட்டி.
மேலே ஊதினால் சுவரைத் தட்டுவார்கள்.
இங்கே சுவருக்கு அப்பால் சைக்கிள்களும்
யாரோ மறந்த பனிச்சறுக்குக் கட்டைகளும்தான்.

ஞாயிறு கச்சேரி.
முதல் கிளாரினெட் மோனிக் கையை முறித்துக்கொள்ள,
இரண்டாம் வரிசையில் ஒன்பது வருடம்
பத்திரமாய் ஒளிந்திருந்த எனக்கு வந்து சேர்ந்தது
கடைசிப் பக்கத்தின் அந்த மேல் ஜி.
ஐந்து கோடுகளும் தீர்ந்துபோய்
மேலே நாலு குட்டிக் கோடுகள் கிழித்து,
ஏணி முடிந்த பிறகும் ஏறச் சொல்லும் ஒரு புள்ளி.

கீழே இந்தக் கருவி சாது.
அந்த உயரத்தில் துளைகளுக்கு வேலை குறைவு:
இடக்கை ஆட்காட்டி விரல் எழுந்துவிடுகிறது,
வலக்கைச் சுண்டுவிரல் ஒரு சாவியை அழுத்துகிறது,
மீதியெல்லாம் வாய்க்குள், யாரும் பார்க்க முடியாத இடத்தில்.
நாக்கின் பின்புறம் ஒரு மயிரிழை எழும்பினால்
கீச்சென்று வேறு ஊருக்குப் போய்விடும்.
கடித்தால் கூடும்.
கடிக்காவிட்டால் வரவே வராது.

கைபேசியைச் சோப்புத்தூள் பெட்டியில் சாய்த்து வைத்தேன்.
ஊதினேன். முள் வலப்பக்கம் சரிந்து சிவந்தது.
இருபது பங்கு கூடுதல்.
சீவாளியை மாற்றினேன். பதினெட்டு.
மேல்மூட்டை ஒரு மில்லிமீட்டர் இழுத்தேன்;
நடுச்சுரங்கள் எல்லாம் சோர்ந்து தொங்கின,
மேல் ஜி மட்டும் மசியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும்.
நான் ஜி என்று படித்து ஊதுவதை
வெளியே எல்லாரும் எஃப் என்றுதான் கேட்பார்கள்.
கருவியின் பிறவிக் குணம் அது.
சம்பளச் சீட்டில் என் பெயருக்கு நடந்ததும் அதுதான்.
பழகிவிட்டது.

உலர்த்தி சுற்றத் தொடங்கியது.
ஆறு தலையணையுறை, இரண்டு வேலைச் சீருடை,
கண்ணாடியில் தட்டித் தட்டித் தாளம் தப்பும் ஒரு பொத்தான்.
அதன் முனகல் எஃப்புக்குப் பக்கத்தில் எங்கோ.
அதன்மேல் என் சுரத்தை வைத்தேன்.
நடுவே வாவ்வாவ்வாவ்வாவ் என்று
போத்தலில் அடைபட்ட வண்டு.
உதட்டை விட்டேன். தாடையை விட்டேன்.
வாவ்… வாவ்…… வாவ்
வண்டு களைத்து இறங்கியது.
ஊதுகிறேனா என்றே தெரியவில்லை.
மூச்சு செலவாகிக்கொண்டிருந்ததால்
ஊதுகிறேன் என்று முடிவு செய்தேன்.

முள்ளைப் பார்த்தேன். எட்டுப் பங்கு குறைவு.
உலர்த்திக்கு நான் சரி. முள்ளுக்குத் தப்பு.

கதவில் திருமதி ஆஷ்லிமான், புதன்கிழமைக்காரர்,
ஒரு நாள் முந்திக் கூடையோடு.
"உலர்த்தி பழுதாகிவிட்டதோ என்று பயந்தேன்,
திடீரென்று சத்தம் மாறியதே."
இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை,
அவர் பாராட்டவில்லை என்றாலும்.
தன் துணிக்கிளிப்பு இரண்டை நான் எடுத்தேனா என்றும் கேட்டார்.
எடுத்திருந்தேன்.

ஞாயிறு. பள்ளியின் உடற்பயிற்சி மண்டபம், குளிர்.
கடைசிப் பக்கத்தில் பக்கத்து நாற்காலி ரெகுலாவின் புல்லாங்குழல்
பயத்தில் ஏறிக்கொண்டே போனது,
எல்லாரும் அறிந்த அவள் பழக்கம்.
முள் சட்டைப்பையில், அணைந்து.
ஒரு கிழமையாய்ச் சேர்த்த சரி என் வாயில் தயாராய்.
அதை ஊதினால் நான் சரி, அவள் தப்பு,
மண்டபம் முழுக்க வண்டு.

நாக்கை ஒரு மயிரிழை உயர்த்தினேன்.
எந்த முள்ளும் ஒப்பாத ஓர் இடத்தில்
அவளோடு போய் நின்றேன்.
வாவ்… வாவ்……

ரெகுலா திரும்பிப் பார்க்கவில்லை.
அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.
அதுதானே வேண்டியது.

திங்கள் காலை கிளிப்புகளைத் திருப்பிக் கொடுத்தேன்,
இரண்டுக்கு மூன்றாக.
கீழுதட்டின் உட்புறம் பல் பதிந்த தடம்
நாக்கால் தொட்டால் இன்னும் எரிந்தது.